சாமிச் செய்தி எங்கே லோடு ஏறியது?

‘காலை வணக்கம்’ என்று வந்த செய்திக்குக்கூட ஆதாரம் கேட்ட மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். நாமக்கல்லில் நான் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில், இரண்டு நாற்காலியும் ஒரு டெலிபோனும் போட்டு லாரி புக்கிங் ஆபீஸ் நடத்திக்கொண்டிருந்தார். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அவருடைய மனைவியே ‘எங்கூட்டுப் புக்கிங்காரரு’ என்றுதான் சொல்வார். அந்த அம்மாளுக்கே அது போதுமென்றால் நமக்கும் போதும்.

நான் அப்போது அங்கே ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தெருவில் வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. அதன் நிர்வாகி எதிர்வீட்டுத் தீவனக்கடைக்காரர். பகலில் கோழிக்குத் தீவனம் போடுவார், விடியற்காலையில் தெருவுக்குப் போடுவார். ஒருநாள் முருகன் படம் ஒன்றை அனுப்பியிருந்தார். முருகன் ஒரு கையில் வேலும் மறு கையில் ஆவி பறக்கும் காப்பியும் வைத்திருந்தார். கீழே, ‘காலை வணக்கம். இதைப் பதினோரு பேருக்கு அனுப்பினால் மாலைக்குள் நற்செய்தி வரும்’ என்று எழுதியிருந்தது. நாமெல்லாம் என்ன செய்வோம்? கைகூப்பும் பொம்மை ஒன்றைத் தட்டிவிட்டுப் பல் விளக்கப் போவோம். புக்கிங்காரர் உட்கார்ந்து பதினோரு பேருக்கும் அனுப்பினார். பொழுது சாய்ந்ததும் தீவனக்கடைக்குப் போன் போட்டார்.

“ஏனுங்க, சாயங்காலம் ஆயிப்போச்சுங்க. நல்ல சேதி இப்ப எந்த ஊரத் தாண்டுது?”

“என்ன சேதிங்க?”

“மாலைக்குள்ள வருமுன்னு போட்டிருந்தீங்களே? வண்டி பஞ்சருங்களா?”

“அது சாமி சமாச்சாரமுங்க. அப்படியெல்லாம் கேக்கக்கூடாது.”

“சாமிய நான் எங்கீங்க கேட்டேன்? சாமி எனக்கு ஒண்ணும் அனுப்பல. நீங்கதான அனுப்புனீங்க, உங்களத்தான் கேக்கறேன்.”

அன்று குழுவிலிருந்து முதல்முறையாக நீக்கப்பட்டார். அப்புறம் எத்தனை முறை நீக்கினார்கள், எத்தனை முறை சேர்த்தார்கள் என்று கணக்கு டீச்சரான எனக்கே கணக்கில்லை. நீக்கினால் ஆள் நேரில் வந்து கேட்பார். நேரில் வந்தால் காப்பியும் கொடுக்க வேண்டியிருக்கும். சேர்த்துவிடுவதே மேல் என்று சேர்த்துவிடுவார்கள்.

அவருடைய சித்தாந்தம் முழுக்க லாரியிலிருந்து வந்தது. புக்கிங் ஆபீஸில் ஒரு லோடு காணாமல் போனால் அவர் பதறமாட்டார். கடைசியாக வண்டியைப் பார்த்த டீக்கடைக்குப் போன் போடுவார். அங்கிருந்து அதற்கு முந்தைய பெட்ரோல் பங்க், அதற்கும் முந்தைய எடைமேடை என்று பின்னாலேயே போய், லோடு ஏற்றிய குடோன் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார். செய்திகளையும் அப்படியே விசாரித்தார். “இது எங்க லோடு ஏறுச்சுங்க?” என்பதுதான் எதைப் பார்த்தாலும் அவருடைய முதல் கேள்வி.

“நல்லாப் படிச்சவர் அனுப்பினார் அண்ணா” என்று ஒருமுறை வாய்விட்டேன்.

“டிரைவரு எம்.ஏ. படிச்சிருந்தா உள்ள இருக்கற தக்காளி அழுகாதுங்களா டீச்சரம்மா?” என்றார். நான் மாடிக்குப் போய்விட்டேன்.

ஓர் ஆடி மாதம் பச்சைச் சேலைச் செய்தி கிளம்பியது. எங்கோ ஒரு கோயிலில் அம்மன் தாலி கழன்று விழுந்துவிட்டதாம். தோஷம் நீங்க, அண்ணன் தம்பிகள் உடன்பிறந்தவளுக்குப் பச்சைச் சேலை எடுத்துத் தரவேண்டுமாம். இராசிபுரத்திலிருந்து அவருடைய தங்கை அழைத்தார். புக்கிங்காரர் போனில் பேசினால் தெருக்கோடிவரை கேட்கும். அன்று ஸ்பீக்கரையும் போட்டுவிட்டதால் இரண்டு பக்கமும் கேட்டது.

“அண்ணா, சேதி பாத்தியா?”

“பாத்தேன் சாமி. எந்தக் கோயிலு?”

“அது போடல.”

“எந்த ஊரு?”

“ஏதோ மலைமேலன்னாங்க.”

“தாலி உழுந்தத யாரு பாத்தது?”

“அண்ணா, சேலை எடுக்க மனசில்லீன்னா இல்லீன்னு சொல்லு. அம்மன எதுக்குக் கூண்டுல ஏத்தி வெசாரிக்கற?”

அவர் விடவில்லை. தங்கைக்கு அனுப்பியது யார், அவளுக்கு யார், அவளுடைய நாத்தனாருக்கு யார் என்று பின்னாலேயே போனதில் குமாரபாளையத்து ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் அகப்பட்டார். தெருவே குதூகலித்தது. விற்காத பச்சைச் சேலைகளைத் தள்ளிவிட அவன் செய்த வேலை என்று தீர்ப்பெழுதினோம். புக்கிங்காரர் பஸ் ஏறி நேரில் போய்ப் பார்த்துவிட்டு, தொங்கிய முகத்தோடு திரும்பினார். ஜவுளிக்கடைக்காரருக்கும் யாரோ அனுப்பியதுதானாம். அவர் அதை நம்பி, கடையிலிருந்த பச்சைச் சேலைகளை எடுத்துத் தன் அக்கா தங்கைகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, அத்தை மகளையும் சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாராம்.

“ஏத்துன ஆளு கெடைக்கலீங்க டீச்சரம்மா. ஆனா வழி நெடுக அல்லாரும் நல்லவுங்க. அதுதான் பயமா இருக்குது” என்றார்.

அடுத்த வாரம் தங்கை பச்சைச் சேலை கட்டிக்கொண்டு, ‘அண்ணன் எடுத்துத் தந்தது’ என்று படம் அனுப்பினார். புக்கிங்காரர் மனைவியைக் கூப்பிட்டு, “இந்தச் சேலை எங்க லோடு ஏறுச்சு?” என்று கேட்டார். “உங்க சட்டப் பையிலதான்” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் ரசத்தை இறக்கப் போனார். அந்த ஒரு விசாரணைதான் முதல் கேள்வியிலேயே முடிந்தது.

இப்படியே போனதில் அவருக்கு நாத்திகர் என்று பெயர் வந்துவிட்டது. பாறையில் பிள்ளையார் தெரிகிறார் என்று யாராவது படம் அனுப்பினால், “படம் புடிச்சவருக்குப் போன் போடலாமுங்களா?” என்பார். விண்வெளியிலிருந்து பார்த்தால் கோபுரம் மின்னுகிறது என்று வந்தால், “மேல போயிப் பாத்த டிரைவரு யாருங்க?” என்பார். சாமி சமாச்சாரத்தில் மூக்கை நுழைத்தால் ஒருநாள் ஆத்தா கண்ணைக் குத்துவாள் என்று தீவனக்கடைக்காரர் குரல் பதிவே போட்டார். அது எந்த ஆத்தா என்று கேட்டதற்கு மறுபடி நீக்கினார்.

அந்தத் தீவனக்கடைக்காரர்தான் ஒரு மத்தியானம் புக்கிங் ஆபீஸ் நாற்காலியில் வந்து தொப்பென்று உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

விஷயம் அவருடைய மகள் நித்யாவைப் பற்றியது. என்னிடம் கணக்குப் படித்த பிள்ளை. நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் குடும்பத்தில் மாப்பிள்ளை பார்த்து, உப்புச் சர்க்கரை மாற்றி உறுதி செய்து, மண்டபமும் பேசியாகிவிட்டது. பெண்ணும் பையனும் போனில் பேசிப் பேசி, சார்ஜர் இல்லாமல் இருக்க முடியாத நிலைக்கு வந்திருந்தார்கள். அந்த நேரத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு ஒரு வீடியோ வந்து சேர்ந்தது. பெண் வீட்டாரின் குலசாமி ஊஞ்சக்காட்டு ஆத்தாவும், மாப்பிள்ளை வீட்டாரின் குலசாமி கல்லாங்குத்து ஆத்தாவும் உடன்பிறந்த அக்கா தங்கைகள். இருவரும் ஒரே தங்கத் தேரில், இடி மின்னலோடு வந்து இறங்கினார்கள். ஆகவே இரண்டு குலத்தாரும் பங்காளிகள். வீடியோ சொன்னது இவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் பங்காளி என்றால் அண்ணன் தங்கை முறை. பெண் கொடுக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. காலையில் மாப்பிள்ளையாக இருந்தவன் சாயங்காலம் அண்ணனாகிவிட்டான். இனி போன் பேசக்கூடாது என்று இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். நித்யா சாப்பிடாமல் அறைக்குள் கிடந்தாள். ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா ஆட்களோடு வந்து உறுதியை முறித்துக்கொள்ளப் போவதாகச் செய்தி வந்திருந்தது.

“நாங்க பாட்டன் முப்பாட்டன் காலத்துல இருந்து கேள்விப்படாத கதைங்க. ஆனா வீடியோவுலயே சொல்லிப்புட்டான்னா என்னங்க பண்றது?” தீவனக்கடைக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார். “எம்பட புள்ள அழுகறதப் பாக்க முடியலீங்க. நீங்கதான் எதையும் வெசாரிப்பீங்களே. இத வெசாரிச்சுச் சொல்லுங்க.”

புக்கிங்காரர் டெலிபோனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வீடியோ போட்டவர் சங்ககிரிப் பக்கத்தில் இருந்தார். தேரைப் பற்றிக் கேட்டதும், தேரும் இடியும் தன் சொந்தச் சரக்கு என்று தாராளமாக ஒப்புக்கொண்டார். ‘வாகனம்’ என்று வெறுமனே சொன்னால் யாரும் பார்க்கமாட்டார்களாம். மீதி விவரமெல்லாம், கேட்டால் பதில் சொல்லும் செயலி ஒன்று தந்ததாம். “அது கம்ப்யூட்டருங்க, பொய் சொல்லாது” என்றார்.

அந்தச் செயலி என் போனில் இருந்தது. புக்கிங்காரர் போனை வாயருகே பிடித்துக்கொண்டு, தூத்துக்குடிக்குப் பேசுகிற சத்தத்தில் கேட்டார். “ஊஞ்சக்காட்டு ஆத்தாளும் கல்லாங்குத்து ஆத்தாளும் அக்கா தங்கச்சிங்களா?”

‘ஆம். இது மிகப் பழமையான ஐதீகம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்’ என்றது போன்.

“இல்லைன்னு சொல்றாங்களே?”

‘மன்னிக்கவும். நீங்கள் சொல்வதே சரி. அவர்கள் சகோதரிகள் அல்லர்.’

அவர் போனை மரியாதையாக என்னிடம் திருப்பிக் கொடுத்தார். “டீச்சரம்மா, இவரு மட்டும் லாரி புரோக்கரா வந்திருந்தா என்னையத் தூக்கிச் சாப்பிட்டிருப்பாருங்க. லாரிக்காரங்கிட்டயும் ஆமாங்கறாரு, சரக்குக்காரங்கிட்டயும் ஆமாங்கறாரு.”

ஆனால் அந்தப் பதிலுக்கு அடியில் சான்றாக ஓர் இணையப் பக்கத்தைக் காட்டியிருந்தது. அதை நடத்துகிறவர் பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். கோயில் கோயிலாகப் போய் ஐதீகம் சேகரிப்பது அவருடைய பொழுதுபோக்கு. “நீங்களும் வாங்க டீச்சரம்மா, எழுத்துல ஏதாச்சும் இருந்தா படிச்சுச் சொல்லோணும்” என்று என்னையும் பஸ் ஏற்றிவிட்டார். நித்யாவுக்காக லீவு போட்டுவிட்டு நானும் கிளம்பினேன்.

வேலூர்க்காரர் தங்கமான மனிதர். கொடிக்காலிலிருந்து அப்போதுதான் கிள்ளிய வெற்றிலையை வைத்து உபசரித்தார். தன் இணையப் பக்கத்தில் உள்ளது அத்தனையும் நேரில் கேட்டுப் பதிவு செய்தது, ஒரு வரிகூடக் கற்பனை இல்லை என்றார். புக்கிங்காரருக்கு அவரைப் பார்த்ததிலிருந்தே வாயெல்லாம் பல். கடைசியில் தன் இனத்து ஆள் ஒருவரைக் கண்டுவிட்ட சந்தோஷம்.

“ஒரே வாகனத்துல வந்தாங்கன்னு யாருங்க சொன்னது?”

“ஊஞ்சக்காட்டுக் கோயில் கும்பாபிசேகத்தன்னிக்குப் பந்தியில ஒருத்தர் சொன்னாருங்க. அக்கா தங்கச்சின்னும் அவருதான் சொன்னாரு. அக்கா தங்கச்சின்னா கும்புடற சனம் பங்காளிதானுங்களே, அத நானே சேத்துக்கிட்டேன்.”

“ஆளு யாருன்னு தெரியுமுங்களா?”

“பேரு கேக்கலீங்க. மொகமும் சரியா ஞாபகமில்ல. நல்ல பெரிய மனுசன், மீச கீச வெச்சுக்கிட்டு… உங்களாட்டமே இருப்பாருங்க. குரல் பதிவு இருக்குது, கேளுங்க.”

போனைத் தட்டினார். முதலில் இலை போடுகிற சத்தம், தண்ணீர் டம்ளர் உருளுகிற சத்தம். பிறகு அந்தக் குரல் வந்தது. தெருக்கோடிவரை கேட்கும் குரல்.

“ரெண்டு ஆத்தாளும் ஒரே வண்டியிலதானுங்க வந்தாங்க! கூடப் பொறந்தவுங்களாட்டம் பக்கத்துல பக்கத்துல படுத்துக்கிட்டு! அக்கா தங்கச்சின்னே வெச்சுக்கங்களேன்! ஏப்பா, அந்தப் பாயச வாளிய இப்படி அனுப்பு!”

வேலூர்க்காரர் போனைப் பார்த்தார். பிறகு புக்கிங்காரரைப் பார்த்தார். நான் வெற்றிலையைப் பார்த்துக்கொண்டேன். பந்தியில் பாயசத்துக்குக் காத்திருந்த நேரத்தில், இரண்டு கோயிலுக்கும் புதிதாகச் செய்த கற்சிலைகளை ஒரே சிற்பக்கூடத்திலிருந்து ஒரே லாரியில் ஏற்றி அனுப்பிய பெருமையை அவர் யாரிடமோ பீற்றிக்கொண்டிருக்கிறார். அந்த லாரிதான் இணையப் பக்கத்தில் வாகனமாகி, செயலியில் பழமையான ஐதீகமாகி, வீடியோவில் தங்கத் தேராகி, நித்யா வீட்டு வாசலில் வந்து நின்றிருந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மனிதரை அப்படிப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

“அண்ணா, விசாரித்தோம், கதை பொய் என்று மட்டும் சொல்லிவிடலாம். யார் சொன்னது என்று எதற்கு?” என்றேன்.

“எறக்குன எடத்த மட்டும் சொல்லிப்போட்டு ஏத்துன எடத்த மறைக்கச் சொல்றீங்களா டீச்சரம்மா?” என்றார். அதோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை தீவனக்கடைக்காரர் வீட்டுக் கூடத்தில் நிற்க இடமில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா, தோளில் சால்வையும் கையில் வீடியோவுமாக நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒலியைக் கூட்டி ஒருமுறை ஓடவிட்டார். இடி இடித்தது, தேர் இறங்கியது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நித்யா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

புக்கிங்காரர் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“ஏனுங்க, எல்லாருங் கேளுங்க. அது தேரில்லீங்க. பத்துச் சக்கர லாரி. வைக்கோலு பரப்பி, சாக்கப் போட்டு, ரெண்டு ஆத்தாளையும் ஒண்ணாப் படுக்கவெச்சுக் கூட்டியாந்த வண்டி. புக்கிங் பண்ணுனது நானு. பந்தியில உக்காந்துக்கிட்டு அக்கா தங்கச்சின்னு சொன்னவனும் நாந்தானுங்க. இந்தக் கதை லோடு ஏறுன எடம் எம்பட வாயி.”

முதலில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். அவ்வளவுதான். வருஷக்கணக்காக அவரிடம் கேள்வி வாங்கிய தெரு, அத்தனைக்கும் சேர்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. “எங்களக் கேட்டீங்களே, இப்ப உங்களுதும் வந்து சேந்துச்சா!” என்று ஒருவர் கத்தினார். காதெல்லாம் சிவந்து, தலையைக் குனிந்துகொண்டு நின்றார் மனிதர். தீவனக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. பெரியப்பாவும் சிரிக்கவில்லை.

பெரியப்பா கையை உயர்த்திச் சத்தத்தை அடக்கினார். “வீடியோவ நம்ப வேண்டாம்ங்கறீங்க. சரி. நீங்க சொல்றத மட்டும் நாங்க எப்படிங்க நம்பறது? பொண்ணு ஊட்டுக்கு வேண்டப்பட்ட ஆளாட்டமும் இருக்கறீங்க.”

கூட்டம் ‘அதானே’ என்றது. புக்கிங்காரர் தலையை நிமிர்த்தினார். அவமானம், கூச்சம் எல்லாம் எங்கே போயிற்றோ, கண்ணெல்லாம் மின்னியது. இத்தனை காலமாக அவர் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை முதல்முறையாக ஒருவர் அவரிடமே கேட்டுவிட்டார்.

“அப்படிக் கேளுங்க!” என்றார். “நம்பாதீங்க! என்னைய நம்பவே நம்பாதீங்க! வெசாரிங்க! டிரைவரு நம்பரு தாரேன், சிலை செஞ்சவரு நம்பரு தாரேன். நான் பேசலீங்க, நீங்களே பேசுங்க. நான் வேணும்னா வெளிய போயி நிக்கறேன்.” சொன்னபடியே செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் போய் நின்றார்.

பெரியப்பா டிரைவரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். ஆந்திராவில் ஏதோ ஒரு டோல்கேட்டில் ஹாரன் சத்தத்துக்கு நடுவே டிரைவர் பேசினார்.

“ஆமாங்க, ரெண்டு சாமியும் நாந்தான் கொண்டாந்தேன். சிலை செஞ்ச எடத்துல கேட்டீங்கன்னாலும் சொல்லுவாங்க. வழியில மழைன்னு தார்ப்பாய் போட்டு மூடினேங்க. ஏன், ஏதாச்சும் ஒடஞ்சு கிடஞ்சு போச்சுங்களா?”

பெரியப்பா சிலை செய்தவருக்கும் போன் போட்டார். பிறகு வேலூர்க்காரருக்கும் போட்டு, அந்தக் குரல் பதிவை வாங்கிக் கூட்டத்துக்கு நடுவே கேட்டார். பாயச வாளி வந்த இடத்தில் அவருடைய மீசைகூட அசைந்தது. சால்வையை உதறி மடியில் போட்டுக்கொண்டு, “மொகூர்த்தத்த மாத்த வேண்டாம். காப்பி கொண்டாங்க” என்றார். உள்ளே நித்யா ஓவென்று அழுகிற சத்தம் கேட்டது. இந்தமுறை வேறு அழுகை.

அன்று சாயங்காலம் நான் மாடியிலிருந்து இறங்கும்போது நித்யா புக்கிங் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இருவரும் என்னைக் கவனிக்கவில்லை.

“மாமா, நீங்கதான்னு சொல்லாமயே இருந்திருக்கலாமுங்களே. பொய்யின்னு மட்டும் சொல்லியிருந்தாப் போதும். இப்பத் தெருவே உங்களப் பாத்துச் சிரிக்குது.”

“சிரிச்சுட்டுப் போகட்டும் சாமி.” டெலிபோனைத் துண்டால் துடைத்தபடியே பேசினார். “அரிசி வெல, மழை, சினிமாக் கதை, இதெல்லாம் என்ன பொய் வந்தாலும் நான் கண்டுக்கறதில்ல. ஆத்தா பேரச் சொல்லி வருதே, அது பொய்யா இருந்தா அவ மொகத்துல நாளைக்கு எப்படி முழிக்கறது? அதுக்குத்தான் ஒவ்வொண்ணுக்கும் போயிக் கேக்கறது. கடசீல நானே அவ பேர்ல ஒண்ண உட்டுருக்கறேன் பாரு.” துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். “நாளைக்கு அவகிட்டயும் போயிச் சொல்லிப்போட்டு வந்துரோணும்.”

ஊரே நாத்திகர் என்ற மனிதர் சொன்ன வார்த்தை இது. நான் சத்தமில்லாமல் மறுபடி மாடி ஏறிவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்க்க அங்கேதான் ஆளில்லை.

இப்போது நான் சேலத்தில் இருக்கிறேன். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. யாராவது கேட்டால், நாமக்கல்லில் ஓர் அண்ணன் இருக்கிறார் என்று சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து இதை மட்டும் யாரும் விசாரிக்கவேண்டாம்.